சொட்டுச் சிந்தாமல் குறைந்த கூலன்ட்: கோட்டையூர் டீசல் கார் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

கோட்டையூரிலிருந்து எங்கள் காரைக்குடிப் பட்டறைக்கு வந்தது ஒரு டீசல் கார். நான்கு சிலிண்டர், 2016-ஆம் ஆண்டு மாடல், ஒரு லட்சத்து முப்பதாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓடியிருந்தது. குறை ஒன்றுதான்: கூலன்ட், அதாவது இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம் (பட்டறைப் பேச்சில் தண்ணீர்), குறைந்துகொண்டே போகிறது, வாரத்துக்கு ஏறக்குறைய அரை லிட்டர். வண்டி நிற்கும் இடம் தினமும் கழுவித் துடைக்கும் சிமெண்டுத் தளம். அதில் ஒரு பொட்டு ஈரம் இல்லை. வெப்பம் காட்டும் முள் நடுவிலேயே நிற்கிறது. இழுவை குறையவில்லை, மைலேஜ் மாறவில்லை. தண்ணீர் மட்டும் காணாமல் போகிறது.

வண்டியின் சொந்தக்காரர் ஓர் ஆச்சி. மருத்துவப் பரிசோதனைக்காக மதுரைக்கும், பிள்ளைகளைப் பார்க்கச் சென்னைக்கும் இந்த வண்டியில்தான் போய்வருகிறார். எங்களிடம் வருவதற்கு முன்பே மூன்று பேர் பார்த்துவிட்டார்கள். ஒருவர் மூடியை மாற்றினார். ஒருவர் இதெல்லாம் வழக்கம்தான், ஊற்றி ஊற்றி ஓட்டுங்கள் என்றார். மூன்றாமவர் ஹெட் கேஸ்கெட் (இன்ஜினுக்கும் அதன் மேல்பகுதியான ஹெட்டுக்கும் நடுவே இருக்கும் அடைப்புத் தகடு) போய்விட்டது, ஹெட்டை இறக்கியே ஆகவேண்டும் என்று சொல்லிச் செலவுக் கணக்கையும் எழுதிக் கொடுத்திருந்தார். ஆச்சி அந்தத் தாளை என்னிடம் நீட்டி, "தம்பி, அவசியம் என்றால் செய்துவிடலாம். ஆனால் அவசியம் என்று எனக்குக் கண்ணால் காட்டிவிட்டுச் செய்யுங்கள்" என்றார். நியாயமான நிபந்தனை. நான் செய்த ஒவ்வொரு சோதனையையும் அந்த நிபந்தனைதான் வழிநடத்தியது.

ஹெட்டை இறக்குவது சிறிய வேலை இல்லை. லேத்தில் கொடுத்து மட்டம் பார்க்க வேண்டும், புது கேஸ்கெட், புது போல்ட், டைமிங் எல்லாம் கழற்றிப் பூட்ட வேண்டும். அவ்வளவும் செய்து முடித்து, மறுவாரம் தண்ணீர் மறுபடி குறைந்தால் யார் பொறுப்பு? கேஸ்கெட் மாற்றிய பிறகும் தண்ணீர் குறைகிறது என்று புலம்பிக்கொண்டு வரும் வண்டிகளை நான் பார்த்திருக்கிறேன். அவற்றில் பெரும்பாலானவற்றில் கேஸ்கெட்மீது குற்றமே இருந்திருக்காது. சந்தேகத்தின்பேரில் ஹெட்டைக் கழற்றியிருப்பார்கள், அவ்வளவுதான்.

முதல் கேள்வி: எப்போது?

தண்ணீர் குறைகிறது என்றதும் எல்லோரும் எங்கே என்று தேடத் தொடங்குகிறார்கள். எப்போது குறைகிறது என்று முதலில் கேட்டால் தேட வேண்டிய இடங்களில் பாதி தானாகவே கழிந்துவிடும். சும்மா நிற்கும்போது குறைந்தால் ஹோஸ் கிளாம்ப், ரப்பர் சீல் போன்ற இடங்கள். குளிர்ந்து சுருங்கும்போது கசிந்து, சூடாகி விரிந்ததும் அடைத்துக்கொள்ளும். ஓடும்போது மட்டும் குறைந்தால் சூடும் அழுத்தமும் சேர்ந்து திறக்கும் கசிவு. நீண்ட பயணத்தில் மட்டும் என்றால் தேடல் இன்னும் குறுகும்.

வண்டியை ஓட்டும் அண்ணனிடம் ஒரு நோட்டுப் புத்தகம் கொடுத்தோம். கூலன்ட் டேங்கில் மார்க்கரால் கோடு போட்டோம். தினமும் காலையில், வண்டியைக் கிளப்புவதற்கு முன், அதே சமதளத்தில் நிறுத்திப் பார்த்துக் குறிக்க வேண்டும். காலையில்தான் பார்க்க வேண்டும் என்பதில் காரணம் இருக்கிறது. ஆறு லிட்டர் கூலன்ட், குளிர்ந்த நிலையிலிருந்து ஓடும் சூட்டுக்குப் போகும்போது கால் லிட்டர் வரை விரிந்து மேலே ஏறும். சூடாக இருக்கையில் ஒரு நாளும் குளிர்ந்திருக்கையில் மறுநாளும் பார்த்தால், கசிவே இல்லாத வண்டியிலும் தண்ணீர் குறைந்ததுபோலத் தெரியும். குளிர்ந்த டேங்கில் கழுத்துவரை ஊற்றி வைப்பவர்களுக்கு வேறொரு தொல்லை: விரிவதற்கு இடம் இல்லாததால் மிகுதி மூடி வழியாக வெளியேறும், மறுநாள் மட்டம் கீழே நிற்கும், மறுபடி கழுத்துவரை ஊற்றுவார்கள். இல்லாத நோய்க்கு இப்படி மாதக்கணக்கில் வைத்தியம் நடக்கும்.

அண்ணன் ஒழுங்காக எழுதினார். நோட்டைப் புரட்டியபோது விஷயம் தெளிவாக இருந்தது. வண்டி வெளியே எடுக்காத நாட்களில் மட்டம் அசையவில்லை. காரைக்குடிக் கடைத்தெரு, பள்ளத்தூர், கானாடுகாத்தான் என்று பக்கத்து ஊர்களுக்குப் போன நாட்களில் கோட்டுக்கு ஒரு நூல் கீழே. திருப்பத்தூர், மேலூர் வழியாக மதுரை போய்வந்த மறுநாள் காலையில் இரண்டு விரல் அளவு இறக்கம். ஆக, இது சூட்டோடும் அழுத்தத்தோடும் வரும் கசிவு.

வெளியே தெரிந்த கசிவு

வண்டியைத் தூக்கி, இன்ஜினுக்கு அடியில் இருக்கும் பிளாஸ்டிக் தட்டைக் கழற்றினோம். தரையில் ஈரம் இல்லை என்பதை வைத்துக் கசிவே இல்லை என்று முடிவுகட்ட முடியாததற்கு இந்தத் தட்டு ஒரு காரணம். சொட்டுவது அதில் விழுந்து, பரவி, இன்ஜின் சூட்டிலேயே உலர்ந்துவிடும். இன்னொரு காரணம், அழுத்தத்தில் வெளிவரும் கூலன்ட் சூடான உலோகத்தில் பட்டதும் ஆவியாகிவிடும். மிச்சம் இருப்பது நிறம் ஏறிய ஒரு பொருக்கு மட்டும். ஆகவே ஈரத்தைத் தேடுவதைவிடப் பொருக்கைத் தேடுவது மேல்.

பொருக்கு இருந்தது. ரேடியேட்டரின் அலுமினியப் பகுதியும் பிளாஸ்டிக் தொட்டியும் சேரும் மடிப்பில், கீழ் மூலையில், இளஞ்சிவப்பும் வெள்ளையும் கலந்து சுண்ணாம்புபோல் ஒட்டியிருந்தது. இன்ஜின் சூடாக இருக்கும் நிலையிலேயே சோதிக்க விரும்பினேன். ஆனால் சூடான மூடியைத் திறப்பது கையையும் முகத்தையும் வேகவைத்துக்கொள்ளும் வழி. ஆகவே தொடும் பதத்துக்கு ஆறவிட்டு, தடித்த துணி போட்டு மெதுவாகத் திறந்து, பிரஷர் டெஸ்டரைப் பூட்டி மூடியில் பொறித்திருந்த 1.1 பார் அழுத்தம் வரை பம்ப் அடித்தோம். சில நிமிடங்களில் அந்த மடிப்பில் கடுகளவு ஒரு முத்து திரண்டது. துடைத்தோம், மறுபடி திரண்டது.

ஆச்சியைக் கூப்பிட்டுக் காட்டினோம். ரேடியேட்டரை மாற்றினோம். எல்லோருக்கும் நிம்மதி. பட்டறைப் பையன்கள் வண்டியைக் கழுவி அனுப்பத் தயாரானார்கள்.

நோட்டை மட்டும் நிறுத்த வேண்டாம் என்று அண்ணனிடம் சொல்லி அனுப்பினேன். ஒரு கசிவைக் கண்டுபிடித்தவுடன் தேடல் முடிந்துவிட்டது என்று நினைப்பதுதான் இந்த வேலையில் மிகப் பெரிய ஆபத்து. ஒரு லட்சம் கிலோமீட்டர் தாண்டிய வண்டியில் ரப்பரும் பிளாஸ்டிக்கும் உலோகமும் ஒரே வயதில் மூப்படைகின்றன. ஒன்று விட்டுப்போகும் காலத்தில் இன்னொன்றும் விட்டுப்போகத் தயாராக இருக்கும்.

மதுரை போய்வந்த மறுநாள் அண்ணன் நோட்டோடு வந்து நின்றார். இரண்டு விரல் இறக்கம் ஒரு விரலாகக் குறைந்திருந்தது. ஆனால் நிற்கவில்லை.

உள்ளே போகும் வழிகள்

வெளியே பொருக்கு எங்கும் இல்லை. வாட்டர் பம்பின் கீழ்த்துளை காய்ந்து சுத்தமாக இருந்தது. பம்பின் சீல் தேய்ந்தால் அந்தத் துளை வழியாகத்தான் முதலில் கசியும். அங்கே கறை இல்லை என்றால் பம்ப் குற்றமற்றது. இனி கூலன்ட் போவதற்கு மீதம் இருப்பவை உள்வழிகள்: காருக்குள் ஹீட்டருக்குச் சூடு தரும் சிறு ரேடியேட்டரான ஹீட்டர் கோர், இன்ஜின் ஆயில், சிலிண்டர், புகைப்பாதை.

ஹீட்டர் கோரை நம் ஊரில் மறந்தே போகிறோம். செட்டிநாட்டு வெயிலில் ஹீட்டர் போடுபவர் யார்? ஆனால் போடாவிட்டாலும் பல வண்டிகளில் அதன் வழியாகக் கூலன்ட் எப்போதும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. முன்சீட்டுக் கால்விரிப்பையும் அதன் அடியில் இருக்கும் பஞ்சையும் தூக்கிப் பார்த்தோம், காய்ந்திருந்தது. கண்ணாடியில் எண்ணெய்ப் படலம் இல்லை. இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும்: ஏ.சி. ஓடும் வண்டிக்கு அடியில் சொட்டும் தண்ணீரைக் கூலன்ட் என்று பயந்து வருபவர்கள் உண்டு. ஏ.சி. தண்ணீர் நிறமற்றது, விரலில் தேய்த்தால் வெறும் தண்ணீர்தான். கூலன்ட் வழுவழுக்கும், நிறம் இருக்கும். இனிக்கிறதா என்று நாக்கில் வைத்துப் பார்க்கும் பழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். கூலன்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் இனிப்பான நஞ்சு. சிறுநீரகத்தை அழித்து உயிரை எடுக்கும். வடித்த கூலன்டைத் திறந்த வாளியில் வைக்கவே கூடாது. தெருநாய்களும் பூனைகளும் இனிப்புக்காக நக்கிச் செத்துப்போகும்.

அடுத்தது ஆயில். அளவுகோலில் நுரை இல்லை, மூடியின் உட்புறத்தில் வெண்ணெய்போன்ற படிவு இல்லை. சூடான இரும்புத் தகட்டில் ஒரு சொட்டு ஆயில் விட்டோம். தண்ணீர் கலந்திருந்தால் படபடவென்று வெடிக்கும்; இது அமைதியாகப் பரவியது. கூலன்ட் டேங்கில் ஆயில் படலமும் இல்லை. ஆயில் கூலர் உடைந்திருந்தால், ஓடும்போது ஆயிலின் அழுத்தம் அதிகம் என்பதால் முதலில் ஆயில்தான் தண்ணீருக்குள் வந்திருக்கும்.

பிறகு ஹெட் கேஸ்கெட். மூன்றாமவர் தீர்ப்பு எழுதிய இடம் என்பதால் இதற்குத்தான் அதிக நேரம் செலவிட்டோம். கேஸ்கெட் போனால் எரிந்த வாயு கூலன்டுக்குள் நுழையும். குளிர்ந்த இன்ஜினைக் கிளப்பிய ஓரிரு நிமிடங்களிலேயே, தண்ணீர் சூடாவதற்கு முன்பே, மேல் ஹோஸ் கல்லுபோல் இறுகும். இந்த வண்டியில் அப்படி இல்லை. டேங்கில் அழுத்தமானியைப் பூட்டிப் பார்த்தோம். சூடு ஏறஏறத்தான் முள்ளும் ஏறியது. அடுத்து நீலத் திரவச் சோதனை. டேங்கின் வாயில் வைத்த கண்ணாடிக் குழாயில் ஒரு நீல நிறத் திரவம். கூலன்டின் மேலிருக்கும் காற்றை அதன் வழியாக உறிஞ்சினால், அதில் கரியமில வாயு இருந்தால் நிறம் மாறும். பெட்ரோல் வண்டியில் மஞ்சளாகும், டீசலில் பச்சைக்குத் திரும்பும். நின்ற இடத்தில் ஓடவிட்டுச் சோதித்தோம், நீலம். சில கேஸ்கெட்டுகள் பாரம் ஏறினால்தான் திறக்கும் என்பதால், ஆட்களை ஏற்றிக்கொண்டு திருமயம் வரை விரட்டிப் போய்வந்த கையோடு மறுபடி சோதித்தோம். அப்போதும் நீலம்தான்.

கேஸ்கெட்டைக் குற்றவாளி ஆக்குவதற்கு ஒரு சான்றும் கிடைக்கவில்லை. அப்போதுதான் அண்ணனிடம் நான் கேட்டேன், காலையில் கிளப்பும்போது புகை வருகிறதா என்று. "மதுரை போய்வந்த மறுநாள் காலையில் கொஞ்சம் வெள்ளையாக வரும் தம்பி. டீசல் வண்டிதானே, புகைக்கத்தானே செய்யும்?" என்றார். ஆச்சிக்கு இது தெரியாது. அவர் ஏறும்போது வண்டி தயாராக வாசலில் நிற்கும், புகை போயே போயிருக்கும்.

இந்த ஒரு பதில்தான் வழக்கின் திசையை மாற்றியது. ஊட்டியிலோ கொடைக்கானலிலோ காலையில் வெள்ளைப் புகை வந்தால் குளிரில் திரளும் ஈரம் என்று விட்டுவிடலாம். கோட்டையூரில் விடியற்காலையிலும் காற்று வெதுவெதுப்பாகத்தான் இருக்கிறது; இங்கே புகைக்குழாய் ஆவி கக்கினால் அதற்குக் குளிரைக் காரணம் காட்ட முடியாது. எரியாத டீசலும் வெள்ளையாகப் புகையும். ஆனால் அது கண்ணை எரிக்கும், டீசல் நெடி அடிக்கும். மறுமுறை மதுரை போய்வந்த மறுநாள் விடியலில் நானே கோட்டையூர் போய் நின்றேன். புகை கனத்து, தரையோடு தவழ்ந்து, கலையாமல் நின்றது. கண் எரியவில்லை. மணம் மட்டும் இனிப்பாக இருந்தது.

முள் இறங்கிய இரவு

வண்டியைப் பட்டறையில் ஒரு நாள் முழுக்க நிற்கவிட்டு, இன்ஜின் முழுவதும் குளிர்ந்த பிறகு மாலையில் 1 பார் ஏற்றிப் பூட்டினோம். முழுவதும் குளிர்ந்த பிறகு என்பது முக்கியம். சூடாக இருக்கும்போது ஏற்றினால், ஆறஆற முள் தானாகவே இறங்கி நம்மை ஏமாற்றும். காலையில் முள் 0.7-இல் நின்றது. தரை காய்ந்திருந்தது. கூலன்ட் இரவில் எங்கோ உள்ளே போயிருக்கிறது.

கிளப்பும்போது சிலிண்டரைச் சூடாக்கும் குளோ பிளக்குகள் நான்கையும் கழற்றி, கேமராக் குழாயை ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் விட்டுப் பார்த்தோம். சிலிண்டருக்குள் கூலன்ட் கசிந்தால், அந்த பிஸ்டனின் தலை கரி கழுவப்பட்டுப் பளபளவென்று தெரியும். மற்றவை கறுத்திருக்க, அது மட்டும் தேய்த்து வைத்த பித்தளைச் செம்புபோல் காட்டிக்கொடுத்துவிடும். இங்கே நான்கும் ஒரே கறுப்பு. சுவரில் ஈரக்கோடு இல்லை. ஹெட் கேஸ்கெட் வழக்கு அந்த இடத்தில் முடிந்தது.

மீதம் ஒன்றே ஒன்று: இ.ஜி.ஆர். கூலர். டீசல் இன்ஜினிலிருந்து வெளியேறும் புகையில் ஒரு பகுதியை மறுபடி இன்ஜினுக்குள்ளேயே அனுப்புகிறார்கள். அப்படிச் செய்தால் எரியும் வெப்பம் தணிந்து, நைட்ரஜன் ஆக்சைடு வாயுக்கள் குறையும். சில நூறு டிகிரி சூட்டில் வரும் அந்தப் புகையைக் குளிர்விப்பதற்கு ஒரு சிறிய பெட்டி. அதன் உள்ளே மெல்லிய எஃகுக் குழாய்கள். குழாய்க்குள் புகை, குழாயைச் சுற்றிக் கூலன்ட். அந்தக் குழாயில் மயிரிழை வெடிப்பு விழுந்தால், ஓடும்போது அழுத்தம் கூடுதலாக உள்ள கூலன்ட் புகைப் பக்கம் கசியும். கசிந்தது இன்ஜினுக்குள் போய் ஆவியாகிப் புகைக்குழாயில் வெளியேறிவிடும். வேகமாக ஓடும் வண்டியின் பின்னால் அதை யார் பார்க்கப்போகிறார்கள்? வண்டியை நிறுத்திய பிறகும் கூலன்ட் சூட்டிலும் அழுத்தத்திலும் இருக்கும். அந்த நேரத்தில் கசிவது வெளியேற வழியின்றிக் கூலருக்குள் தேங்கும். மறுநாள் காலை முதல் கிளப்பலில் அது வெள்ளைப் புகையாக வரும். நோட்டில் இருந்த ஒவ்வொரு வரியும் இதற்குப் பொருந்தியது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது, அதை ஆச்சியிடம் மறைக்காமல் சொன்னேன். கசிவு பெரிதாகி, தேங்கும் கூலன்ட் சிலிண்டருக்குள் இறங்கினால், தண்ணீர் நசுங்காது. கிளப்பும் வேகத்தில் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடே வளையும். ஊற்றி ஊற்றி ஓட்டுங்கள் என்று சொன்னவர் எவ்வளவு பெரிய செலவுக்கு வழிகாட்டினார் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

பொருந்துகிறது என்பது வேறு, நிரூபிப்பது வேறு. கூலருக்குப் போகும் இரண்டு தண்ணீர் ஹோஸ்களையும் கழற்றி, ஒரு குழாய்த் துண்டால் நேரடியாக இணைத்தோம். கூலர் இப்போது சுற்றுக்கு வெளியே. மறுபடி 1 பார், மறுபடி ஓர் இரவு. காலையில் முள் 1-லேயே நின்றது. பட்டறையைத் திறந்ததும் நான் முதலில் ஓடிப்போய்ப் பார்த்தது அந்த முள்ளைத்தான்.

கூலரைக் கழற்றினோம். காற்றுப் பாதையின் வளைவுக் குழாயில் வழக்கமாகப் பொடியாக இருக்கும் கரி, இங்கே தார்போல் குழைந்து ஈரமாக இருந்தது. ஓரங்களில் இளஞ்சிவப்பு உப்புத் துகள்கள். தண்ணீர் வாய்களில் ஒன்றை அடைத்து, மற்றதில் காற்றுக் குழாயைப் பூட்டி, வெந்நீர் நிரம்பிய தொட்டியில் கூலரை மூழ்கவைத்தோம். குளிர்ந்த நீரில் மூடிக்கொள்ளும் வெடிப்பு வெந்நீரில் திறக்கும் என்பதால் வெந்நீர். புகை நுழையும் வாயிலிருந்து குமிழ்கள் வரிசையாக மேலே வந்தன. ஆச்சி நாற்காலியைத் தொட்டிக்கு அருகில் போடச் சொல்லி உட்கார்ந்து பார்த்தார். "இதை மாற்றுங்கள். அந்தத் தாளைக் கிழித்துப் போடுங்கள்" என்றார்.

ஊற்றிய தண்ணீர்

கூலர் ஏன் ஓட்டையானது என்று பார்க்காமல் புதிதைப் பூட்டினால், அதுவும் அதே வழியில் போகும். பழைய கூலரை ஹேக்ஸாவால் நெடுக்காகப் பிளந்தோம். குழாய்களின் தண்ணீர்ப் பக்கத்தில், புகை நுழையும் சூடான முனையில், பழுப்பு நிறத்தில் ஒரு தடித்த படிவு. ஊசியால் கிளறினால் சில்லுச் சில்லாகப் பெயர்ந்தது. அதன் அடியில் உலோகத்தில் சிறுசிறு குழிகள். அவற்றில் ஒன்றிலிருந்துதான் வெடிப்பு ஓடியிருந்தது.

டேங்கில் இருந்த கூலன்டைக் கலவையின் அளவு காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் அளந்தபோது, பாதிக்குப் பாதி இருக்க வேண்டிய கிளைக்கால் ஐந்தில் ஒரு பங்குக்குச் சுருங்கியிருந்தது. எத்தனையோ முறை குறைந்ததும், ஒவ்வொரு முறையும் வீட்டு ஆழ்குழாய்க் கிணற்றிலிருந்து ஒரு குடுவை ஊற்றப்பட்டதுதான் காரணம். போதாததற்கு, டேங்கின் அடியில் மஞ்சள் நிறக் குழம்பு. வழியில் ஒருவர் கசிவை அடைக்க மஞ்சள் தூள் போட்டதாக அண்ணன் சொன்னார். நடுக்காட்டில் லாரி நின்றுவிட்டால் பட்டறை வரை போய்ச்சேர அது உதவலாம். அப்படியே விட்டுவைத்தால் அந்தக் குழம்பு போய் அடைப்பது கசியும் ஓட்டையைவிட ஹீட்டர் கோரின் மெல்லிய குழாய்களைத்தான்.

நம் பக்கத்து ஆழ்குழாய் நீர் பாத்திரத்தில் வெள்ளைப் படிவு விடுவதை ஒவ்வொரு வீட்டிலும் பார்க்கிறோம். அதே படிவு இன்ஜினுக்குள் சூடான உலோகத்தின்மேல் படிந்தால், சூடு தண்ணீருக்கு இறங்காமல் உலோகத்திலேயே தங்கும். அந்த நீரில் கரைந்திருக்கும் குளோரைடு இன்னும் பொல்லாதது. துருப்பிடிக்காத எஃகு துருப்பிடிக்காமல் இருப்பதே மேலே உள்ள ஒரு மெல்லிய ஆக்சைடுப் படலத்தால்தான். குளோரைடு அந்தப் படலத்தைப் புள்ளி புள்ளியாக உடைத்துக் குழி தோண்டும். கூலன்டில் கலந்திருக்கும் அரிப்புத் தடுப்பு மருந்து இதைத்தான் தடுக்கிறது. தண்ணீர் ஊற்ற ஊற்ற அந்த மருந்தும் நீர்த்துப்போகிறது.

இதைப் பற்றிப் பேசுவதற்கு நம் ஊரைவிடப் பொருத்தமான ஊர் இல்லை. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலம் கொடுத்து, 1948-இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் காரைக்குடியில் இருக்கிறது. உலோக அரிப்பு அதன் முதன்மையான ஆய்வுத் துறைகளில் ஒன்று. ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் கடற்கரை அரிப்புச் சோதனை நிலையமும் வைத்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட ஊரின் வண்டிகளில் கிணற்றுத் தண்ணீரை ஊற்றி அலுமினியத்தையும் எஃகையும் நாமே அரிக்கவிடுவது எனக்குப் பொறுக்கவில்லை.

கூலன்ட் எல்லாம் பனி உறையும் நாடுகளுக்கு, நமக்குத் தண்ணீரே போதும் என்று சொல்பவர்கள் பட்டறைகளிலேயே இருக்கிறார்கள். சூட்டை எடுத்துச் செல்வதில் வெறும் தண்ணீர் கூலன்டைவிடச் சிறந்தது என்பது உண்மைதான். ஆனால் 1.1 பார் மூடியின் கீழ் வெறும் தண்ணீர் 122 டிகிரி செல்சியஸில் கொதித்துவிடும். பாதிக்குப் பாதி கலவை 130 டிகிரியை நெருங்கும்வரை தாங்கும். மே மாத வெயிலில் ஏ.சி. போட்டுக்கொண்டு மேலூர் நெரிசலில் நிற்கும் வண்டிக்கு அந்த இடைவெளி வேண்டும். அரிப்பைத் தடுக்கும் மருந்தோ வெறும் தண்ணீரில் அறவே கிடையாது. நம் காரைக்குடிச் சம்பை ஊற்றுத் தண்ணீர் நல்ல தண்ணீர் ஆயிற்றே என்று ஒருவர் கேட்டார். குடிக்க அதற்கு இணை இல்லை. ஆனால் நாக்குக்கு ருசி தரும் தாதுக்கள்தான் ரேடியேட்டரில் படிவாகின்றன. பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் எல்லாக் கடையிலும் கிடைக்கிறது, விலையும் அதிகமில்லை.

செய்த வேலை

புது இ.ஜி.ஆர். கூலர், இரு பக்கக் கேஸ்கெட்டுகள், ஈரக்கரி படிந்த வளைவுக் குழாயைக் கழற்றிச் சுத்தம் செய்தது. கூலரை எடுத்துவிட்டுத் தகடு வைத்து அடைத்துவிடலாம், செலவு மிச்சம் என்று ஒரு யோசனை வந்தது. நான் மறுத்துவிட்டேன். புகைக் கட்டுப்பாட்டுக்காக வைத்த கருவியை அடைப்பது சட்டத்துக்கும் முரண், நாம் மூச்சுவிடும் காற்றுக்கும் கேடு. ஆச்சியும் அதை விரும்பவில்லை.

மஞ்சள் குழம்பு தீரும்வரை டிஸ்டில்டு வாட்டர் விட்டுக் கழுவினோம். இதற்குத்தான் எதிர்பார்த்ததைவிட நேரம் பிடித்தது. பிறகு வண்டித் தயாரிப்பாளர் குறிப்பிட்ட வகைக் கூலன்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி. காற்று அடைபடாமல் வெளியேற்றி நிரப்பி, குளிர்ந்த நிலையில் மறுபடி ஓர் இரவு 1 பார். முள் இறங்கவில்லை.

வெப்பம் காட்டும் முள்ளை மட்டும் நம்ப வேண்டாம் என்று அண்ணனுக்கு விளக்கினோம். சாதாரண ஏற்ற இறக்கத்தில் அந்த முள் அசையாதபடிதான் பல வண்டிகளில் அமைத்திருக்கிறார்கள். தண்ணீர் மிகவும் குறைந்து சென்சார் ஆவியில் நின்றுவிட்டால், இன்ஜின் வெந்துகொண்டிருக்கும்போதுகூட முள் பொய் சொல்லும். டேங்கில் போட்ட கோடுதான் நம்பகமான சாட்சி.

நோட்டு இன்னும் தொடர்கிறது. மதுரைக்குப் பலமுறை, சென்னைக்கும் போய்வந்தாகிவிட்டது. காலைக் குறிப்புகள் அனைத்தும் அதே கோட்டில் நிற்கின்றன, வெள்ளைப் புகையும் இல்லை. ஆச்சியின் வீட்டில் மருமகன் ஓட்டும் பெட்ரோல் கார் ஒன்றும் இருக்கிறது. அதுவும் அதே கிணற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்த வண்டிதான். போன வாரம் அதை வரவழைத்து அளந்தோம்; கிளைக்கால் நான்கில் ஒரு பங்குதான் இருந்தது, கசிவு இன்னும் தொடங்கவில்லை. கழுவிக் கூலன்ட் மாற்றி, அதன் டேங்கிலும் கோடு போட்டு, அண்ணனின் நோட்டில் அதற்கும் ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறோம்.